ஜீவமணியின் அரைக்கிலோ போன்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஜீவமணியை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவருடைய போன் நம்பர் இல்லாதவர்கள் குறைவு. ஐம்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, வெயிலில் வெந்து கறுத்த முகம். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். குளிக்கும்போது அடித்தால் சோப்பு நுரையோடு எடுப்பார். அடக்க ஆராதனையில் அடித்தால் கல்லறைச் சுவர் ஓரமாக ஒதுங்கிப் போய் எடுப்பார். கடன் வேண்டுமா சார் என்று கேட்கிற பெண்ணிடம்கூட அவள் ஒப்பிப்பதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வேண்டாம்மா, நீ சாப்பிட்டியா?" என்பார்.

ஒருமுறை திரேஸ்புரத்திலிருந்து யாரோ ஒரு மீனவர் ஐஸ் கம்பெனி என்று நினைத்து இவருக்கு அடித்து, மூன்று பார் ஐஸ் அனுப்பச் சொன்னார். ராங் நம்பர் என்று சொல்லி வைப்பதுதான் உலக வழக்கம். ஜீவமணி அந்த ஐஸ் கம்பெனியின் நம்பரைத் தேடிப் பிடித்து, மூன்று பார் சொல்லி, மீனவரைத் திரும்பக் கூப்பிட்டு, "சொல்லியாச்சு. பத்து நிமிசத்துல வண்டி வரும்" என்று தெரிவித்தார். இந்தக் கதையைக் கேட்ட அவர் மனைவி செல்வராணி, "இவியளக் கட்டுனதுக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே கட்டியிருக்கலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு வாட்டர் கிளார்க் வேலை. பெயரைப் பார்த்துவிட்டு நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டுக் கப்பல் வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டதும், கப்பல் ஏஜென்சியின் ஆளாக லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போய், கயிற்று ஏணியில் ஏறி, கேப்டனைப் பார்த்து, காகிதமெல்லாம் முடித்து, அவர்களுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுக்கிற வேலை. முன்பெல்லாம் ஏணி ஏறி முடிப்பதற்குள் குடிதண்ணீர், காய்கறி என்று பட்டியலை நீட்டுவார்கள். இப்போது முதல் கேள்வியே சிம் கார்டு கொண்டுவந்தாயா என்பதுதான்.

போன் விஷயத்தில் இந்த மனிதர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அது வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. ஒரு சாண் நீளம், கைக்கு அடங்காத தடிமன், தலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஏரியல். கறுப்பு நிறம். உயிர் போய் இருபது வருடம் ஆகிறது. செல்வராணி அதை மின்சாரச் சீட்டுகள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறாள்.

தொண்ணூற்றெட்டில், தூத்துக்குடியில் செல்போன் கோபுரம் எழும்பிய புதிதில், ஏஜென்சி முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி அதை வாங்கினார். யாரோ பயன்படுத்திய பழைய போன்தான். ஆனாலும் அதற்கு வாழை இலையில் வெற்றிலை பாக்கு வைத்து, சூடம் காட்டி, ஜீவமணியின் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு ஒரு சட்டமும் போட்டார். அந்தக் காலத்தில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. அண்ணாச்சியோ எலுமிச்சம்பழத்தைத் தோலோடு பிழிகிறவர்.

"ஏலே மணி, இது பேசுததுக்கு இல்ல, கேட்டுக்க. இது மணி. கோயில் மணி மாதிரி அடிக்கும், நீ எண்ணிக்கிடணும். ஒண்ணு அடிச்சி நின்னா, இருக்க எடத்துலயே இருன்னு அர்த்தம். ரெண்டுன்னா லாஞ்சத் திருப்பி அனுப்பு. மூணுன்னா நீயே கரைக்கு வந்துரு. எடுத்த, தொலஞ்ச."

பேசுவதற்காகவே செய்த சாமானை வாங்கி, பேசக் கூடாது என்று சட்டம் போட்ட மனிதர் உலகத்திலேயே அண்ணாச்சி ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் ஜீவமணிக்கு அது குறையாகவே படவில்லை. கப்பலின் மேல்தளத்தில், நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்க, கையிலிருக்கும் கறுப்புக் கட்டை திடீரென்று அலறும்போது அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போகும். ஒரு கம்பி கிடையாது. கடலுக்குமேல் ஒரு கம்பமும் கிடையாது. கரையில், கிரேட் காட்டன் ரோட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒரு பொத்தானை அமுக்குகிறார். ஏழெட்டு மைலுக்கு இந்தப் பக்கம், அவ்வளவு பெரிய வானத்தில், தன் கையைத் தேடி வந்து அது மணி அடிக்கிறது. எத்தனை தடவை அடித்தாலும் அவருக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நாசரேத்துக்கு எடுத்துப் போனார். அங்கே அப்போது கோபுரம் இல்லை. போன் வெறும் கட்டைதான். ஆனாலும் அப்பா ஞானையாவுக்குக் காட்ட வேண்டும். ஞானையா பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்த்த பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். அரைக்கிலோவுக்கு இருபது கிராம் கூட இருந்தது.

"அலைன்னு பாடம் நடத்துனேம்ல. அலை காத்துல போவும், தண்ணியத் தாண்டிப் போவும்னு. நானும் சொன்னேன், பயலுவளும் எழுதுனானுவ. ஒருத்தனும் கண்ணால பாக்கல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கப்பல்ல நிக்கும்போது ஒரு நாளு நான் பேசணும்ல, மணி" என்றார். நம்பரைத் தன் டைரியில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

அண்ணாச்சியின் சட்டத்தை அப்பாவிடம் சொல்ல ஜீவமணிக்கு வாய் வரவில்லை. பேசக் கூடாத போன் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சிமெண்டுக் கப்பலில் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது. இரண்டு என்றால் லாஞ்சைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார். கரையில் அண்ணாச்சி, ஆள் இல்லாமல் வந்து நிற்கிற லாஞ்சைப் பார்த்துக் குதித்தார். அவர் போனையே தொடவில்லை. ஜீவமணி சாயங்காலம் வரைக்கும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டு, மறுநாள் ஊரில் இல்லாத வசவெல்லாம் வாங்கினார். யார் அடித்தது என்று அந்தப் போனில் பார்க்க வழியில்லை. ஏதோ ராங் நம்பர் என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஞானையா தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வரும்போது நாசரேத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த தனராஜ், ஜீவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்வாள் செவ்வாக்கிழம நம்ம பூத்துக்கு வந்தாவ, தம்பி. டைரியப் பாத்து நானே நம்பர் போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்கது கேட்டதும் மொகமெல்லாம் சிரிப்பு. 'கடல்ல அடிக்கு, தனராஜ், கடல்ல அடிக்கு'ன்னாவ. ரெண்டு அடிச்சதும் வச்சிட்டாவ. பையன் வேலையா நிப்பான், எடஞ்சல் பண்ணக் கூடாது, சனிக்கிழம வாரேன்னுட்டுப் போனாவ."

அப்பா அடித்த இரண்டு மணியை ஜீவமணி லாஞ்சுக்கான உத்தரவு என்று எண்ணியிருக்கிறார். எடுத்திருந்தால் என்ன, அண்ணாச்சி வைவார், வைதுவிட்டுப் போகட்டும். எடுத்து ஓர் "அப்பா" சொல்லியிருந்தால் போதும்.

அன்றிலிருந்துதான் எந்த மணியையும் அவர் இரண்டாவது தடவை அடிக்க விடுவதில்லை. இந்தக் காரணம் செல்வராணிக்குத் தெரியும். மகள் ஜாய்க்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

பிறகு போன்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. அரைக்கிலோ கால்கிலோ ஆனது, கால்கிலோ ஒரு தீப்பெட்டிக் கனம் ஆனது. ஏரியல் உள்ளே போயிற்று. டார்ச் வந்தது, படம் வந்தது, கடைசியில் பொத்தான்களே காணாமல் போயின. ஒவ்வொன்றையும் ஜீவமணி முதல் தடவை கையில் வாங்கும்போது, அப்பாவைப் போலவே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித்தான் வாங்குவார். கப்பலில் ஒரு மாலுமி, மணிலாவில் பிறந்து மூன்று நாளான தன் குழந்தை கொட்டாவி விடுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "என்னமா வளந்துட்டு, ராணி. நம்ம இதெல்லாம் பாக்கக் கொடுத்து வச்சிருக்கோமே" என்றார்.

போன ஆனி மாதம் ஜாய்க்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பெவின், சாத்தான்குளத்துக்காரர்கள், வாத்தியார் குடும்பம். ஆலயத்தை ஒட்டிய ஹாலில் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வைத்திருந்தார்கள். முதல்நாளே செல்வராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு ஒரு நாளு நீங்க போனத் தொடக் கூடாது, கேட்டியளா? சம்மந்தக்காரவ என்ன நெனப்பாவ? போதகர் ஜெபம் பண்ணும்போது நீங்க எந்திரிச்சுப் போய் லோன் வேண்டாம்மான்னு சொல்லிக்கிட்டு நின்னா?"

ஜீவமணி மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். போன் செல்வராணியின் கைப்பைக்குள் போயிற்று, சத்தத்தை அடக்கி.

சேலையும் வேதப்புத்தகமும் வைத்த தட்டை மாப்பிள்ளையின் தாயார் கையில் எடுத்தார். போதகர் கண்களை மூடினார். அப்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பித்தளைத் தட்டில் வண்டு விழுந்ததுபோல ஒரு சத்தம். ஜீவமணி மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அது நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். நின்றது. மூன்றாவது தடவை அதிர ஆரம்பித்தபோது அவர் நெற்றியில் வேர்வை அரும்பியதைச் செல்வராணி பார்த்தாள். என்ன நினைத்தாளோ, பையைத் திறந்து அவளே போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

தெரியாத நம்பர். எடுத்தார். பேச்சு இல்லை. "ஹலோ, யாருங்க?" பதில் இல்லை. காற்று அடித்தது. எதிலோ தண்ணீர் மோதியது. அவ்வளவுதான். கட்டாகிவிட்டது. மறுபடி வந்தது. மறுபடியும் அதே காற்று, அதே தண்ணீர்.

"ஏதாவது பிராடு கால் சார், வைங்க" என்றார் சம்பந்தி. இந்தக் காலத்தில் அது நியாயமான புத்திமதிதான். ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஜீவமணிக்குத் தெரிந்த சத்தம். படகின் வயிற்றில் கடல் அறைகிற சத்தம். அவர் ஹால் வாசலுக்கு வந்து, அந்த நம்பரைத் தானே கூப்பிட்டார். எடுத்தார்கள். மறுபடியும் பேச்சில்லை.

"நான் பேசுதது உங்களுக்குக் கேக்குதான்னு எனக்குத் தெரியல. கேட்டா ஒண்ணு செய்யிங்க. நான் வச்சிருதேன். எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. ஒண்ணே ஒண்ணு."

வைத்தார். கையில் போன் கிடந்தது. ஹாலுக்குள் ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. அடித்தது. நின்றது. பிறகு அடிக்கவில்லை.

ஜீவமணிக்கு மயிர்க்கால்கள் எல்லாம் குத்திட்டு நின்றன. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அரைக்கிலோக் கட்டையில் எண்ணிய மணி, இப்போது பேச்சு செத்துப்போன ஏதோ ஒரு போனிலிருந்து அவரோடு பேசியது. அவர்களுக்குக் கேட்கிறது. இவருக்குத்தான் அவர்கள் குரல் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார். "ஆமான்னா ஒரு மிஸ்டு கால். இல்லன்னா ரெண்டு. படகுலயா இருக்கீங்க?"

ஒன்று.

ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி கூப்பிட்டு, கேட்டு, வைத்தார். "எஞ்சின் நின்னுட்டா?" ஒன்று. "எத்தன பேரு? ஆளுக்கு ஒண்ணு அடிங்க." நான்கு. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

ஒன்று அடித்தது. ஒன்றோடு நிற்கட்டும் என்று ஜீவமணி வாய்விட்டே சொன்னார். இரண்டாவதும் அடித்தது.

இதற்குள் ஜாய் நிச்சயச் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு கேள்வியையும் விடையையும் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினாள். பெவின் கடலோரக் காவலுக்கு அடித்து, ஒரு படகு தத்தளிக்கிறது, இடம் சொல்கிறோம் என்றான். இடம் எங்கே? வாய்பேச முடியாதவர்களிடம் நடுக்கடலில் இடம் எப்படிக் கேட்பது?

மற்றவர்களுக்குக் கடல் வெறும் தண்ணீர். ஜீவமணிக்கு அதில் தெரு உண்டு, வீடு உண்டு. அன்றைக்கு வெளிக்கடலில் எந்தக் கப்பல் எங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

"அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியுதா?" ஒன்று. "கப்பல் எதுவும் கிட்டத்துல தெரியுதா?" ஒன்று. "செவப்பா?" கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒன்று.

சிவப்பு என்றால் நிலக்கரிக் கப்பல். முந்தாநாள்தான் அதில் ஏறி இறங்கினார். ஆனால் கப்பலுக்கு எந்தப் பக்கம்? அதற்கும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆனி மாதம் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நங்கூரம் போட்ட கப்பல் எப்போதும் காற்றுக்கு மூக்கைக் காட்டித்தான் நிற்கும். மூக்கு கரையைப் பார்த்தால், மாலுமிகள் குடியிருக்கிற வெள்ளை மாடி பின்பக்கம், கிழக்கே.

"கப்பல்ல வெள்ள மாடி இருக்குல்லா, அது உங்க பக்கமா இருக்கா?"

ஒன்று. அப்படியானால் கப்பலுக்கும் கிழக்கே இருக்கிறார்கள். காற்று அவர்களை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் போன் கோபுரத்தின் கைக்கு எட்டாது. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை, விடையும் இல்லை.

சிவப்புக் கப்பலின் கேப்டன் பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய சிம் கார்டு ஜீவமணி வாங்கிக் கொடுத்ததுதான். வாட்ஸப்பில் கூப்பிட்டு, உங்கள் கப்பலின் பின்பக்கம், கிழக்கே, தொலைநோக்கியில் பாருங்கள் என்றார். கேப்டன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடல்காரர்.

எட்டு நிமிடம். ஹாலில் இருந்த அறுபது பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். போதகர் திறந்த கண்களோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

போன் ஒரு தடவை குலுங்கியது. படம். கப்பலின் மேல்தளத்திலிருந்து எடுத்தது. நீலமான பெரிய கடல், அதில் ஓர் அரிசி அளவுக்குப் படகு. ஜாய் இரண்டு விரலால் விரித்தாள். படகு வளர்ந்தது. பாதி மூழ்கியிருந்தது. ஒருவன் படுத்துக் கிடந்தான், இரண்டு பேர் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆள் எழுந்து நின்று, வலது கையை வானத்துக்கு நீட்டியிருந்தான். அந்தக் கையில் என்னவோ சின்னதாகக் கறுப்பாக இருந்தது.

"போன்" என்றாள் ஜாய். "சிக்னலுக்காகத் தூக்கிப் பிடிச்சிருக்காங்கப்பா."

ஜீவமணி அந்தப் படத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஆலய வாசலில் நிற்கிறவன் கைக்குள் நடுக்கடல் வந்து கிடக்கிறது. அப்பா இருந்திருந்தால் இதை எந்தத் தராசில் வைத்துப் பார்த்திருப்பார்? அந்த நம்பரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார். "கண்டுட்டாவ. கப்பல்ல இருந்து பாத்துட்டாவ. ஆளு வருது. கேக்குதா?"

ஒன்று அடித்தது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. எண்ண முடியவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு, நிச்சயத்துக்குப் போட்ட பட்டு வேட்டியோடேயே ஜீவமணி திரேஸ்புரம் கரைக்குப் போனார். படகைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். தலையில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாயிற்று, நினைவு வந்துவிட்டது என்றார்கள். போனைத் தூக்கிப் பிடித்தவன் கரையில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும், பெயர் பெனிஸ்டன். இவர் யார் என்று தெரிந்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல போனு அலையில போயிட்டு அண்ணாச்சி. மிச்சம் இந்தப் பட்டன் போனுதான், படகுலயே கெடக்கது. உப்புத்தண்ணி ஏறி நம்பர் ஒண்ணும் அமுங்கல. பேசுனா அங்கன கேக்கல. உள்ள கெடந்த பேரு ஆறுதான். ஒவ்வொண்ணா அடிச்சோம். வீட்டுல எடுத்து ஹலோ ஹலோன்னுட்டு வச்சிட்டாவ. ஐஸ் கம்பெனில வச்சிட்டாவ. மீன் ஏலக்காரர் எடுக்கவே இல்ல. கடைசியாத்தான் உங்களுக்கு அடிச்சோம்."

"எம்பேரு உங்க போன்ல எப்படிப்பா வந்துது?"

"பேரெல்லாம் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஐஸுக்கு அடிச்சேன், ராங் நம்பரு. நீங்கதான் ஐஸு சொல்லி அனுப்புனீங்க. அதான் போட்டு வச்சேன்."

அவன் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தப் போனை எடுத்து நீட்டினான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உப்பு பூத்திருந்தது. திரை மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜீவமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசியாகக் கூப்பிட்ட நம்பர் அவருடையதுதான். அதற்கு மேலே, பெயர் தெரியாத மனிதருக்குப் பெனிஸ்டன் வைத்த பெயர், ஆங்கில எழுத்தில், எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது.

'எடுப்பார்' என்று இருந்தது.